பொத்தான் வைத்த துவக்கு

இன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபோது விரலில் எண்ணெய் மணத்தது. சமையல் எண்ணெய் இல்லை, இரும்புக்குப் போடும் எண்ணெய். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். ரசத்து மிளகின் வாசனையையும் மீறிக்கொண்டு அது வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையை மறுபடி கழுவிவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேற்றுக் காட்டுக்குப் போயிருந்தோம். அதனால்தான் இன்று காலை உங்கள் துப்பாக்கியை எடுத்து வைத்துத் துடைத்தேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான்கு மாதம் அது துப்பாக்கிக் கடைக்காரரின் பெட்டகத்தில் கிடந்தது. லைசென்ஸ் இல்லாதவர் வீட்டில் இருக்கக் கூடாது என்று அவரே த்ரீ கிங்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்து எடுத்துப் போயிருந்தார். போன மாதம்தான் பதிவை என் பெயருக்கு மாற்றி, பிளாக்ஹவுஸ் பே பகுதியில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நேற்று என்னோடு வந்தது யார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அண்ணா வந்தார். உங்கள் வீட்டுக்காரர்தான்.

துப்பாக்கி என்று எழுதும்போதே உங்கள் முகம் சுளிக்கிறது. உங்களுக்கு அது துவக்கு. சேலத்துக்காரியான எனக்கு உங்கள் தமிழ் முதலில் பெரிய ஆச்சரியம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தி, "நீர் இந்தியாவோ?" என்று கேட்டீர்கள். நாடகத்தில் ராஜா மந்திரியிடம் கேட்பதுபோல இருந்தது. நான் "ஆமாங்க" என்றேன். என்னைவிட மூன்று வயதுதான் நீங்கள் மூப்பு. ஆனாலும் அன்றிலிருந்து உங்களுக்கு நான் "நீர்", எனக்கு நீங்கள் "அக்கா" என்று ஆகிப்போனது.

இரண்டு பொருள்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று யாராவது சொன்னால் உங்களுக்கு ஆகாது. இரண்டு கண்ணாடித் துண்டுகளில் இரண்டு துளி ரத்தத்தைத் தடவி வைத்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே அக்கா" என்று நான் சொன்னால், "வடிவாப் பாரும்" என்பீர்கள். "ஒரே மாதிரி எண்டு ஒண்டும் இல்லை. நாங்கள் பாக்கிறதை நிப்பாட்டிப் போட்டம், அவ்வளவுதான்."

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பாட்டு அறையில், தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே, "எனக்கொரு துவக்கு வேணும்" என்றபோது எனக்குப் புரையேறியது.

"எதுக்கு அக்கா?"

"இங்க காட்டாடு பெருகிக் காட்டையே திண்டு முடிக்குதாம். சுடுங்கோ சுடுங்கோ எண்டு கேக்கினமாம். நாங்கள் என்னெண்டா உறைஞ்ச ஆட்டிறைச்சியைத் தேடிக் கடை கடையாத் திரியிறம்."

அது பாதிக் காரணம்தான் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. உங்கள் வீட்டு மேசையில் நாம் மூன்று பேரும் இருந்தோம். பஸ் ஓட்டி முடித்த களைப்போடு அண்ணா உட்கார்ந்திருந்தார். நீங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் சத்தம் போடவில்லை. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "உதுக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்? உமக்கு என்னத்துக்கு உது?" என்று கேட்டார்.

நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். சண்டைக்குப் பதில் தேடுகிறவர் மாதிரி இல்லை. உண்மையிலேயே காரணத்தைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"நான் இவ்வளவு காலமும் துவக்குக்கு முன்னாலதான் நிண்டனான். பின்னால நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. அறிய வேணும்போல கிடக்கு."

அண்ணா எழுந்து போய்த் தேநீர் போட்டார். பிறகு லைசென்ஸ் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஆட்சேபணை இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அது இருக்கும் அறைக்குள் தான் காலடி வைக்கப் போவதில்லை என்றும் சொன்னாராம். கடைசிவரை வைக்கவும் இல்லை.

தனியாகப் போக விடக் கூடாது என்று நானும் உங்களோடு லைசென்ஸ் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அதுதான் நான் உங்களிடம் சொன்ன காரணம். எனக்கும் ஆசை இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். வகுப்பு முடிந்து வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே, "ரவையை வேற, துவக்கை வேறதான் வைச்சுப் பூட்ட வேணுமாம். ரவையை எங்க வைப்பம்?" என்றீர்கள். "சமையல்கட்டுல டப்பாவுல போட்டு வைக்கிறதுதானே" என்றேன் நான். உங்கள் ஊரில் ரவை என்றால் தோட்டா என்று எனக்கு எப்படித் தெரியும்? உப்புமா கிண்டும் ரவையை எதற்குப் பூட்ட வேண்டும் என்று நான் கேட்டதும், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

நீங்கள் இடது கைக்காரி. சாப்பிடவும் எழுதவும் வலது கையைப் பழக்கிவிட்டார்களாம், மீதி எல்லாம் இடதுதான். சாதாரண வேட்டைத் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றும் கைப்பிடி வலது பக்கம் இருக்கும். பக்குரங்காவைத் தாண்டி இருக்கும் அந்தக் கடையில் அப்படி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்தவர் செருப்பைப் போட்டுப் பார்த்தவர் மாதிரிக் கீழே வைத்தீர்கள். அப்போதுதான் கடைக்காரர் லீவர் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் தோட்டா உள்ளே ஏறும். பின்னால் இருக்கும் சின்னச் சுத்தியல் சுடுவதற்குத் தயாராகப் பின்வாங்கி நிற்கும். வளையம் அடியில், நடுவில் இருந்தது.

"இது எந்தக் கைக்கும் பொது," என்றீர்கள். முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

கடையில் அந்த ரகத்தில் இரண்டு இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே தோட்டா, ஒரே நீளக் குழல். ஒன்று பழையது, யாரோ நன்றாக வைத்திருந்து விற்றது. மற்றது புதியது. பழையதன் மரம் நாள்பட்ட புளியின் நிறத்தில் இருந்தது. பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. புதியதன் மரம் கொஞ்சம் வெளிறியிருந்தது, இரும்பின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. இதுதான் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம்.

சுத்தியலைப் பின்னுக்கு இழுத்த பிறகு சுட வேண்டாம் என்று மனம் மாறினால், கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். விரல் நழுவினால் வெடித்துவிடும். பழையதில் அவ்வளவுதான், உங்கள் கட்டைவிரலை நீங்கள் நம்ப வேண்டும். புதியதில் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால், விரல் நழுவிச் சுத்தியல் விழுந்தாலும் தோட்டாவைத் தொடாது.

"வேட்டைக்காரர்கள் யாருக்கும் அந்தப் பொத்தானைப் பிடிக்காது," என்றார் கடைக்காரர். "வக்கீல்களுக்குப் பயந்து வைத்தது என்பார்கள். அழகைக் கெடுக்கிறது."

நானும் அந்தக் கட்சிதான். "பழசு எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க அக்கா. ஜாக்கிரதையா இருந்தா பொத்தான் எதுக்கு?"

அடுத்தடுத்து ஐந்து சனிக்கிழமைகள் என்னை அங்கே இழுத்துப் போனீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் தோளில் வைத்துப் பார்ப்பீர்கள். பொத்தான் சுடும் நிலையில் இருந்தால் சிவப்பு வளையம் ஒன்று தெரியும் என்று கடைக்காரர் காட்டினார். அது இடது பக்கம் தெரிந்தது. இடது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு முகம் வலது பக்கம் இருக்குமே, அவருக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் கையில் வாங்கி, தன் இடது தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை என்றார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அழுத்தி, நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "கண் பாக்கத் தேவையில்லை. விரல் பாக்கும்" என்றீர்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை, கடைக்குள் நுழையுமுன் பக்கத்துச் சில்லறைக் கடைக்குப் போய் உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தீர்கள். அதை இடது கையில் பிடித்துக்கொண்டு, கடைக்காரரின் முன்னால் பத்து நிமிடம் நின்றீர்கள். வந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது.

"காட்டுக்குள்ள குளிரும். கை விறைக்கும். விறைச்ச கையால பாத்தால்தானே தெரியும்?"

உள்ளே ஒன்றும் இல்லாத போலித் தோட்டாவைப் போட்டுக் கடைக்காரர் பழையதைக் கொடுத்தார். பத்து முறை சுத்தியலை இறக்கினீர்கள். இரண்டு முறை நழுவியது. நீங்கள் வருத்தப்படவே இல்லை. கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த சந்தோஷம்தான் முகத்தில் இருந்தது. பட்டாணியை என் கையில் கொடுத்துவிட்டு, "பொத்தான் உள்ளதை எடுப்பம்" என்றீர்கள். வீட்டுக்கு வரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் பட்டாணியை என்ன சமைக்கலாம் என்றே பேசிக்கொண்டு வந்தீர்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் குளிர்காலத்தில், தெற்கே இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு பண்ணைக்காரர் நமக்கு அனுமதி கொடுத்தார். அவர் மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய காட்டில் ஆடுகள் ஏராளம். நம் இருவருக்கும் சேர்த்துத் துப்பாக்கி ஒன்றுதான், மாற்றி மாற்றி எடுப்போம். அன்று காலை என் முறை. மானுகாப் புதர்களுக்கு மேலே, மேட்டு விளிம்பில் தாடி வைத்த கிடா ஒன்று வந்து நின்றது. லீவரைத் தள்ளி இழுத்துக் குறி வைத்துவிட்டேன். நீங்கள் என் காதருகில், "பின்னுக்கு வெறும் வானம். ரவை எங்க போய் விழும் எண்டு தெரியாது. விடும்" என்றீர்கள். சரிதான். ஆட்டுக்குப் பின்னால் மண் இல்லாவிட்டால் சுடக் கூடாது என்று வகுப்பில் படித்திருந்தோம். நீங்கள் எழுந்து, பள்ளத்துப் பக்கமாக எனக்கு முன்னால் நாலைந்து அடி நடந்தீர்கள்.

நான் பொத்தானை அழுத்தினேன். பிறகு சுத்தியலை இறக்கப் போனேன். விரல் விறைத்திருந்தது.

டக்.

அந்தச் சின்னச் சத்தம் இவ்வளவு நாள் கழித்தும் என் காதில் இருக்கிறது. நீங்கள் திரும்பினீர்கள்.

"என்ன சத்தம்?"

"சுத்தியல் நழுவிடுச்சு அக்கா."

"பொத்தான்?"

"போட்டுத்தான் இருந்தேன்."

"குழாய் எங்க பாத்தது?"

"மண்ணைப் பாத்துத்தான்."

அது பொய். குழல் உங்கள் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்டபோதும் அங்கேதான் இருந்தது, கேட்ட பிறகுதான் விலக்கினேன். நான் ஆசைப்பட்ட துப்பாக்கியை வாங்கியிருந்தால் நீங்கள் அந்தப் பள்ளத்திலேயே ரத்தம் வடிந்து கிடந்திருப்பீர்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "சரி. இனித் துவக்கு வைச்சிருக்கிற ஆள் முன்னுக்கு நடக்கட்டும். மற்ற ஆள் பின்னுக்கு வரட்டும்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்தோம். நல்ல ஏற்பாடு என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன்.

அன்று பிற்பகல் உங்கள் முறை வந்தது. பள்ளத்தின் எதிர்ச்சரிவில், பின்னால் திண்ணென்ற மண்மேடு. ஒரே வெடி. பெட்டை ஆடு நின்ற இடத்திலேயே சாய்ந்தது. நீங்கள் பொத்தானை அழுத்தி, துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் குந்திவிட்டீர்கள். நீங்களாகவே சொன்னீர்கள்.

"பின்னால நிண்டாலும் பயம்தான். ஆனா இது வேற பயம். முன்னால நிண்டா என்ர உயிருக்குத்தான் பயம். இது..." என்று நிறுத்தி, சொல்லைத் தேடினீர்கள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றீர்கள்.

கறுப்பாக வறுத்து இடித்த உங்கள் மிளகாய்த் தூளைப் போட்டு அந்த இறைச்சியைச் சமைத்தீர்கள். முதலில் அண்ணா தொடவில்லை. பிறகு குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார். கடைசியில் சட்டியை வழித்தது அவர்தான். உங்கள் மகன் மட்டும், "அம்மா, திஸ் இஸ் கிரேஸி" என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை போட்டுச் சாப்பிட்டான்.

மூன்று குளிர்காலங்கள் போனோம். நாலாவதற்கு முன்னால் உங்களுக்கு வயிற்றில் வலி வந்தது. உங்கள் ரத்தத்தை நம் கூடத்திலேயே பார்த்தார்கள். முடிவைத் திரையில் முதலில் படித்தது நீங்கள்தான். "பாரும், எவ்வளவு வித்தியாசமாக் கிடக்கு" என்று எனக்குக் காட்டினீர்கள். அடுத்து வந்த வாரங்களில் எத்தனையோ நாள் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யைச் சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். நோயோடு படுத்திருப்பவரிடம் இதை எதற்கு என்று திரும்பிப் போவேன். உண்மையில் அது இரக்கம் இல்லை. கோழைத்தனம்.

போன வாரம் அண்ணா போன் செய்தார். "நீங்கள் உந்த ஆட்டுக் காட்டுக்குப் போறதெண்டா என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் ஒண்டையும் தொடமாட்டன். அவ எதைப் பாக்க அவ்வளவு தூரம் போனவ எண்டு பாக்க வேணும்."

நேற்றுக் காலை தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தம், குழல், உங்கள் கால், நான் சொன்ன பொய். உங்களிடம் சொல்லாமல் விட்டதை உங்கள் வீட்டுக்காரரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அவர் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம். அவ சொன்னவ" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யாரு அண்ணா? என்ன சொன்னாங்க?"

"அண்டைக்கு வீட்டுக்கு வந்த உடன சொன்னவ. சத்தம் கேட்டுத் திரும்பேக்க குழாய் தன்ர காலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது எண்டு."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'நான் கண்டனான் எண்டு தெரிஞ்சா அவ இனித் துவக்கைத் தொடமாட்டா. என்னோட வரவும் மாட்டா. எனக்கு அவவை விட்டா ஆர் இருக்கினம்' எண்டவ." கொஞ்ச தூரம் போன பிறகு அவரே தொடர்ந்தார். "எனக்குத்தான் சரியான கோவம். ரெண்டு மாசம், நீங்க வீட்டுக்கு வந்தா நான் வெளியில போயிடுவன். கவனிச்சனீங்களோ தெரியாது."

கவனித்திருந்தேன். பஸ் கம்பெனியில் கூடுதல் வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களுக்கும் பொய் சொல்லத் தெரிந்திருக்கிறது அக்கா, என்னைவிட நன்றாகவே.

பெட்ரோல் நிலையம் ஒன்றில் நிறுத்தி முகத்தைக் கழுவிக்கொண்டேன். நான் திரும்பி வந்தபோது அண்ணா இரண்டு கோப்பை தேநீரோடு காரில் சாய்ந்து நின்றார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

காட்டில் நான் முன்னால் நடந்தேன். அவர் உங்கள் பழைய மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். அது அவருக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. பஸ்ஸில் அத்தனை பேரை ஏற்றி இறக்கும் மனிதர், ஒரு சுள்ளி முறியாமல் நடந்தார். மரப் பெரணிகளைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ ஒரு குருவியின் குரலுக்கு நின்று, அது என்ன என்று கையால் சைகை செய்து கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஓடையைத் தாண்டியதும் ஒரு பெட்டை ஆடு தெரிந்தது. பின்னால் நல்ல மண்சரிவு. லீவரைத் தள்ளி இழுத்தேன். குறி பார்க்கும்போது அதன் வயிற்றோரம் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். பண்ணைக்காரர் இரண்டையும் சுடத்தான் சொல்வார். நேற்று எனக்கு முடியவில்லை. பொத்தானை அழுத்தினேன், விரலால் தடவிப் பார்த்தேன், சுத்தியலை மெல்ல இறக்கினேன். இந்த முறை நழுவவில்லை.

பின்னாலிருந்து அண்ணாவின் தாழ்ந்த குரல் கேட்டது. "இப்ப குழாய் எங்க பாத்தது?"

நான் குனிந்து பார்த்தேன்.

"மண்ணுன்னு நினைச்சேன் அண்ணா. கல்லு. நழுவி வெடிச்சிருந்தா நம்ம மேலேயே தெறிச்சிருக்கும்."

"ஓம்," என்றார். "அப்ப இங்கால தள்ளி நிண்டு இறக்கியிருக்க வேணும்."

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். மெத்தென்ற கறுப்பு மண், மேலே பாசி. அடுத்த தடவை அங்கேதான் நிற்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஆடும் குட்டியும் எங்களைக் கண்டுகொள்ளாமல் இலையைக் கடித்துக்கொண்டிருந்தன. அண்ணா என் அருகில் வந்து குந்தினார். அவை மேய்ந்து முடித்து மேட்டைத் தாண்டிப் போகும்வரை, இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.